பாலை நிறுத்த வேண்டாம், ஆயம்மாவைப் பழக்குங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்து பத்து நாள் ஆகிறது. இவ்வளவு நாளும் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். இன்னும் மூன்று வாரத்தில் மறுபடி கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறேன். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் இருப்பதால் பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்தான் விட வேண்டும். இப்போதே தாய்ப்பாலை மறக்கடித்து போத்தலில் பால்மா பழக்கு, இல்லாவிட்டால் பிள்ளை அங்கே பட்டினி கிடக்கும் என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லோரும் சொல்கிறார்கள். வேப்பிலையை அரைத்துத் தடவு என்கிறார்கள். மகள் என்னை விட்டு யாரிடமும் போகமாட்டாள். தூளியில் ஆட்டினால்தான் தூங்குவாள். மூன்று வாரத்தில் இவ்வளவையும் எப்படி மாற்றுவது?
– தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

வேப்பிலையை மரத்திலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பவற்றில் மாற்றவே தேவையில்லாத ஒன்று தாய்ப்பால்தான். மடுவத்துக்குப் போகும் முதல் வாரத்தில் பிள்ளைக்கு இடம் புதிது, மணம் புதிது, தூக்கும் கை புதிது. அதே நேரத்தில் பாலையும் பறித்தால், சாயங்காலம் நீங்கள் வந்து தூக்கும்போது அவளை ஆற்றுவதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது. திடீரென்று நிறுத்தினால் உங்களுக்கும் மார்பில் பால் கட்டும், வீங்கும், காய்ச்சல் வரும். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அந்த வலியோடு ஏற்றம் ஏற முடியாது.

பட்டினி கிடப்பாள் என்ற பயத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகுமுன் ஆறரைக்கு வீட்டில் ஒரு முறை பால் கொடுக்கிறீர்கள். ஒன்பதரைக்கு ஒரு முறை, பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை, இரண்டரைக்கு ஒரு முறை மடுவத்தில் கொடுக்கிறீர்கள். நாலரைக்கு வேலை விட்டு வந்து கொடுக்கிறீர்கள். அப்படியானால் எந்த இடைவெளியும் மூன்று மணித்தியாலத்தைத் தாண்டவில்லை. நடுவில் இரண்டு முறை சோறு. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு இது தாராளம். பால்மாவுக்கு இந்த நாளில் இடமே இல்லை. வீட்டுத் தேநீருக்கு வாங்கும் முழு ஆடைப் பால்மாவை ஒரு வயதுக்கு முன் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவும் கூடாது. அது குழந்தைக்கென்று தயாரித்த பால் அல்ல.

இந்தக் கணக்கு சரிவர வேண்டுமானால் ஒன்பதரைக்கும் இரண்டரைக்கும் உங்களை விட வேண்டும். அது யாரும் இரக்கப்பட்டுத் தருவதல்ல. இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலை நேரத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. வேலை கொடுப்பவர் பிள்ளை மடுவம் வைத்திருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. வைத்திருக்காவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. இதை வேலைக்குப் போகும் அன்று காலை பெரட்டுக் களத்தில் நின்று பேசாதீர்கள். இந்த வாரமே வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடமோ நலன்புரி அதிகாரியான வெல்பெயார் ஐயாவிடமோ போய் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். அரைப் பேர் (அரை நாள் கூலி) விழுமோ என்ற பயம் இருந்தால் அதையும் அப்போதே கேளுங்கள். அரை மணித்தியாலத்தில் மேமலையிலிருந்து இறங்கி, பாலும் கொடுத்து, திரும்பவும் ஏற முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். முதல் மாதம் மடுவத்துக்குக் கிட்டிய மலையில் போடும்படி கேட்பதில் தவறில்லை.

தூர மலையில் போடும் நாட்களுக்கு மட்டும் பால் கறந்து வைக்க வேண்டும். கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பெருவிரலை மேலேயும் சுட்டுவிரலை கீழேயும், காம்பிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி, கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்துங்கள், பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பை இழுக்கவோ பிதுக்கவோ கூடாது. வலித்தால் விரல் தவறான இடத்தில் இருக்கிறது. முதல் ஓரிரண்டு நிமிடம் சொட்டுத்தான் வரும், பிறகுதான் பீச்சும். ஒரு பக்கம் ஐந்து நிமிடம், மறு பக்கம் ஐந்து நிமிடம் என்று மாறி மாறி இருபது நிமிடமாவது கறக்க வேண்டும். அதிகாலையில் பால் கூடுதலாக இருக்கும். எவ்வளவு வேண்டும் என்றால், நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் 30 மில்லிலீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை தவறினால் 90 மில்லிலீற்றர். அது சின்னத் தேத்தண்ணிக் கோப்பையில் முக்கால் அளவு.

குளிர்சாதனப் பெட்டி இல்லையே என்று யோசிக்க வேண்டாம். மூடியுள்ள எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில், 25 பாகை செல்சியஸுக்கு மேற்படாத அறையில், கறந்த பால் நான்கு மணித்தியாலம் தாங்கும். நம் பக்கத்துக் குளிரில் பெரும்பாலான நாட்களில் அறை அந்த அளவைத் தாண்டாது. அடுப்புத் திட்டிலும் வெயில் விழும் ஜன்னலிலும் மட்டும் வைக்கக் கூடாது. மேலே ஆடை பிரிந்து நின்றால் கெட்டுப்போனதென்று கொட்டாதீர்கள். மெதுவாகச் சுழற்றினால் சேர்ந்துவிடும். சூடு வேண்டுமென்றால் கோப்பையைச் சுடுதண்ணீருக்குள் வைத்து எடுக்க வேண்டும், நேரே அடுப்பில் ஏற்றக் கூடாது. பிள்ளை வாய் வைத்த மிச்சத்தை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பாத்திரத்தைக் கழுவிய பிறகு நீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து பத்து நிமிடம் அவியுங்கள். உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும், நுவரெலியாவில் 94 பாகை அளவில். அதனால் குமிழி வந்ததும் இறக்கிவிடுவது போதாது.

போத்தல் வேண்டாம், கோப்பையே போதும். சூப்பியின் மடிப்புகளில் பால் தங்கிப் புளிக்கும். பத்துப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அதைச் சுத்தமாக வைத்திருப்பது யாராலும் ஆகாது. பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, கோப்பையின் விளிம்பு கீழுதட்டில் தொட, பால் உதட்டை எட்டும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். அவளே நக்கி உறிஞ்சுவாள். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். இதைப் பழக்கும்போது நீங்கள் காம்பிரா அறைக்குள் இருக்கக் கூடாது. உங்கள் மணம் வந்தால் கோப்பையைத் தட்டிவிடுவாள். உங்கள் கணவர் கொடுக்கட்டும், நீங்கள் தண்ணீர்ப் பீலிக்குப் போய்வாருங்கள். பசி தொடங்கும் நேரத்தில் கொடுக்க வேண்டும். வீரிட்டு அழ ஆரம்பித்த பிறகு கோப்பையை நீட்டினால் கோப்பையைக் கண்டாலே அழுவாள்.

மலையிலிருந்து வந்து பால் கொடுப்பது பற்றி இரண்டு வார்த்தை. வெயிலில் நின்றவள் பால் சூட்டுப்பால், மழையில் நனைந்தவள் பால் குளிர்ப்பால், முதலில் கொஞ்சம் பீச்சிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பார்கள். உடம்புக்குள் இருக்கும் பால் உடம்புச் சூட்டில்தான் இருக்கும், பீச்சிவிடத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது மேலே ஒட்டியிருப்பதைப் பற்றி. மடுவத்து வாசலிலேயே இடுப்பில் கட்டிய படங்குத் துணியை அவிழ்த்து வையுங்கள், முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், மேற்சட்டையை மாற்றுங்கள். புல்லெண்ணெய் (களைக்கொல்லி) அடித்த மலையில் நின்ற நாளென்றால் இதில் ஒன்றையும் விடக் கூடாது. அட்டைக்குக் காலில் பூசிய சுண்ணாம்பும் பிள்ளையின் தோலில் படக் கூடாது.

இனி, யாரிடமும் போகமாட்டாள் என்றீர்களே, அதுதான் இந்த மூன்று வாரத்தின் உண்மையான வேலை. ஆறு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் பிள்ளைகள் தெரிந்த முகத்தையும் தெரியாத முகத்தையும் பிரித்தறியத் தொடங்கும். அது வளர்ச்சி, கெட்ட பழக்கமல்ல. ஒன்பது பத்து மாதத்தில் இது இன்னும் கூடும். ஆகவே நீங்கள் போகும் காலம் மோசமானதல்ல.

பெயர்ப்பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதியிருக்கும், வாயில் வருவது பிள்ளை மடுவம்தான். பிள்ளை பழக வேண்டியது அந்தக் கட்டடத்துக்கல்ல, அங்குள்ள ஓர் ஆளுக்கு. இரண்டு மூன்று ஆயம்மாமார் இருந்தால், முதல் மாதம் உங்கள் மகளைத் தூக்குவதும் ஊட்டுவதும் தூங்க வைப்பதும் ஒருவரே என்று பேசிக்கொள்ளுங்கள். பொறுப்பான சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் இதை நேரே கேட்கலாம்.

முதல் வாரம் நாளுக்கு ஒரு மணித்தியாலம் நீங்களும் பிள்ளையும் சேர்ந்து போங்கள். காலை ஒன்பதரைக்கு மேல் போனால், கொண்டுவந்து விடுகிற சந்தடி அடங்கியிருக்கும். பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயம்மா உங்களோடு பேசட்டும், பிள்ளையைப் பார்க்காமலே பேசட்டும். இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் புது ஆள் ‘வாம்மா, வாம்மா’ என்று கையை நீட்டிக்கொண்டு வந்தால் ஆறு மாதப் பிள்ளை முகத்தைத் திருப்பும். தன் தாயோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் ஆளை அதுவாகவே திரும்பத் திரும்பப் பார்க்கும். மூன்றாம் நாள் அளவில் ஆயம்மாவின் வளையலையோ முந்தானையையோ பிடிக்கக் கை நீளும். அதற்குப் பிறகுதான் தூக்க வேண்டும். நான்காம் ஐந்தாம் நாள் ஒரு வேளை சோற்றை ஆயம்மா ஊட்டட்டும், நீங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருங்கள்.

இரண்டாம் வாரம் வெளியே போகத் தொடங்குங்கள். முதல் நாள் பத்து நிமிடம், பிறகு கால் மணி, அரை மணி, ஒரு மணி. போகும்போது கட்டாயம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். விளையாட்டுக் காட்டி, திரும்பியிருக்கும் நேரம் பார்த்து நழுவுவது அந்த நேரத்துக்கு இலகுவாக இருக்கும். அடுத்த நாளிலிருந்து நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே உங்கள் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பாள். ‘அம்மா மலைக்குப் போய்ட்டு வாறேன்’ என்று எப்போதும் ஒரே சொல், ஒரு முத்தம், ஆயம்மா கையில் கொடுத்தால் திரும்பிப் பார்க்காமல் நடை. வாசலுக்கும் வீட்டுக்குமாக மூன்று முறை வந்து போனால் அழுகை மூன்று முறை. வீட்டிலும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடித் திறந்து விளையாடுங்கள். மறைந்தது திரும்பி வரும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்வது இந்த விளையாட்டில்தான்.

மூன்றாம் வாரம் ஒரு தூக்கம் அங்கே தூங்க வேண்டும். முதல் முழு நாளுக்கு முன் இது நடந்துவிட்டால் பாதிச் சுமை குறைந்தது போல.

தூளியைப் பற்றி. மடுவத்தில் கட்டிலோ பாயோ இருந்தால், எல்லாப் பிள்ளைகளையும் ஆட்டிக்கொண்டிருக்க ஆயம்மாவுக்குக் கை போதாது. ஆகவே வீட்டில் இன்றிலிருந்தே காலைத் தூக்கத்தை மட்டும் சமதளத்துக்கு மாற்றுங்கள். இரவுத் தூக்கத்தில் கை வைக்காதீர்கள். தூளியில் ஆட்டி, கண் சொருகும் நேரத்தில், முழுதாகத் தூங்குமுன் எடுத்து, இறுக்கமான மெத்தையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சில் கையை வைத்துத் தட்டிக்கொடுங்கள். நாலைந்து நாள் சிணுங்குவாள். தலையணை, கம்பளி, துணிப் பொம்மை எதுவும் முகத்தருகே இருக்கக் கூடாது. குப்புறக் கிடத்தக் கூடாது. மடுவத்திலும் தூளிதான் என்றால், துணி சுருண்டு பிள்ளையின் நாடி (மோவாய்) நெஞ்சில் முட்டுகிறதா, முகம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். நாடி நெஞ்சில் அழுந்தினால் மூச்சுக் குழாய் மடியும். கழுத்தில் தாயத்துக் கயிறு, கறுப்பு மணி இருந்தால் மடுவத்துக்கு அனுப்பும் நாளில் கழற்றிவிடுங்கள். மாமியார் மனம் கோணுவாரென்றால் அதை அவள் துணிப் பையில் முடிந்து வையுங்கள்.

உங்கள் மணமுள்ள பழைய சேலைத் துண்டொன்றைக் கொடுத்து அனுப்பலாம். ஆனால் தூங்குமிடத்தில் போடுவதற்கல்ல. தூக்கும்போது ஆயம்மா தன் தோளில் போட்டுக்கொள்ளட்டும்.

குளிருக்குப் பயந்து நாலு சட்டை போட்டு அனுப்புவது நம் பக்கத்தில் வழக்கம். பெரியவர்கள் போடுவதைவிட ஒரு சட்டை கூட இருந்தால் போதும். கை கால் சில்லென்றிருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிடரியில் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்வை இருந்தால் ஒன்றைக் கழற்ற வேண்டும். தொப்பி வழியில்தான், உள்ளே வந்ததும் கழற்றிவிட வேண்டும். அறையைச் சூடாக்கவென்று கரித் தணலைச் சட்டியில் வைத்துக் கதவைச் சாத்தும் வழக்கம் அங்கே இருந்தால் உடனே சொல்லி நிறுத்துங்கள். அந்தப் புகையில்லாப் புகை உயிரை எடுக்கும். உங்கள் பக்கத்தில் மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை, உடுப்புக் காயாது. குறைந்தது இடுப்புத் துணி எட்டு, சட்டை நாலு இருந்தால்தான் ஈரத் துணி மாட்டாமல் சமாளிக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே நிறத்து நூலில் ஓர் அடையாளம் தையுங்கள்.

சாப்பாடு: குழைந்த சோறு, பருப்பு, அவித்து மசித்த கெரட் அல்லது பூசணி, ஒரு துளி எண்ணெய். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதம் வேண்டும். தண்ணீர்க் கஞ்சியில் வயிறு நிறையும், சத்துச் சேராது. இப்போது ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். மடுவத்தில் முட்டை, நெத்தலி, மீன் கொடுப்பார்களென்றால் அவற்றை வீட்டில் முதலில் கொடுத்துப் பாருங்கள், காலையில், ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளியில். தடிப்பு, வாந்தி வந்தால் எதனால் என்று அப்போதுதான் தெரியும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்: பிளேன்டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுக்கக் கூடாது. அன்பில்தான் கொடுப்பார்கள். ஆனால் தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வெளியே அனுப்பிவிடும். இந்த வயதில்தான் பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு தீர்கிறது. நாம் பறித்த கொழுந்துதான், என்றாலும் பிள்ளைக்கு ஆகாது.

ஆறு மாதத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கிளினிக் கொப்பியில் பாருங்கள். போடாவிட்டால் இந்த வாரமே மிட்வைஃப் மிஸ்ஸைக் காணுங்கள். மூன்றாம் வாரத்தில் போட்டால் ஊசிக் காய்ச்சலும் புது இடமும் ஒன்றாகச் சேரும். அடுத்தது ஒன்பதாம் மாதத்தில்.

முதல் மாதங்களில் சளி பிடிக்கும், அடிக்கடி பிடிக்கும். பிள்ளைகள் கூடுமிடத்தில் அது தவிர்க்க முடியாதது. அதற்காக மடுவத்தைக் குறை சொல்ல வேண்டாம். மூக்கொழுகல் மட்டும் இருந்து, விளையாடிச் சாப்பிட்டால் அனுப்பலாம். 38 பாகைக் காய்ச்சல், வாந்தி, மூன்று முறைக்கு மேல் வயிற்றோட்டம், கண்ணில் பூளை, காய்ச்சலோடு கொப்புளம் என்றால் வீட்டில் வைத்திருங்கள். மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இந்த வயதில் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், டிஸ்பென்சரி மருந்தோடு காத்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிதான். பால் குடிக்காமல் துவண்டு போனாலும் வலிப்பு வந்தாலும் அப்படித்தான். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்துப் பாதையில் எதுவரை வரும், அங்கிருந்து யார் வழிகாட்டுவது என்பதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

ஒரு கொப்பித் தாளில் இவற்றை எழுதி மடுவத்தில் கொடுங்கள்: பிள்ளையின் பெயர், பால் கொடுக்க வரும் நேரங்கள், கொடுத்துப் பார்த்த உணவுகள், ஒவ்வாதது ஏதும் இருந்தால் அது, உங்கள் கணவரின் தொலைபேசி எண், உங்களைத் தவிர பிள்ளையைக் கூட்டிப்போகக் கூடியவர் பெயர். அந்தக் கடைசி வரியை விடாதீர்கள்.

முதல் வாரம் அங்கே குறைவாகச் சாப்பிடுவாள், குறைவாகத் தூங்குவாள். நீங்கள் சாயங்காலம் போனதும் சிரிப்பதற்குப் பதிலாக அழத் தொடங்குவாள். நாள் முழுதும் அழுதாள் என்று அதற்கு அர்த்தமில்லை, அடக்கி வைத்ததை உங்களிடம் கொட்டுகிறாள். ஆயம்மாவிடம் செய்தி கேட்பதற்கு முன் உட்கார்ந்து பால் கொடுங்கள். பகலில் விட்டதை இரவில் பிடிக்கவென்று இரண்டு மூன்று முறை கூடுதலாக எழுந்து குடிப்பாள். பால் போதவில்லை என்று அப்போதும் போத்தலைத் தேட வேண்டாம். இருபத்துநாலு மணித்தியாலத்தில் ஆறு துணியாவது சிறுநீரில் நனைந்தால் போதுமான பால் உள்ளே போகிறது. ஞாயிறு வீட்டிலிருந்துவிட்டுத் திங்கள் போகும்போது அழுகை புதிதாகத் தொடங்கும். புதனுக்குள் அடங்கும்.

மாத நிறுவையில் மட்டும் கண் வையுங்கள். இந்த வயதுப் பெண் பிள்ளைக்கு மாதம் 300 கிராம் அளவில் ஏறும். கொப்பியில் கோடு மேலே போகாமல் படுத்துவிட்டால், இந்தக் கடிதத்தையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு மிட்வைஃப் மிஸ்ஸிடம் போய், எந்த வேளைப் பால் தவறுகிறது என்பதிலிருந்து பேசத் தொடங்குங்கள்.